வாய் திறவாத பிள்ளையும் வகுப்பில் பேசும்

பிள்ளைகளின் முன்னேற்ற அறிக்கை வீட்டிற்கு வரும்போது நம் கண்கள் முதலாவது தேடுவது மதிப்பெண்களைத்தான். அவற்றின் கீழே வகுப்பாசிரியர் தம் கையால் எழுதியிருக்கும் ஒரு வரியைப் பலர் ஊன்றிக் கவனிப்பதில்லை. "அமைதியான பிள்ளை, வகுப்பில் இன்னும் அதிகமாகப் பங்கெடுக்க வேண்டும்" என்று அந்த வரி கூறும். 'அமைதியான பிள்ளை' என்பதைப் பாராட்டு என்று எண்ணிக் கையெழுத்திட்டு அனுப்பிவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் அந்த வரியின் பின்பாதியில்தான் ஆசிரியர் நமக்குச் சொல்ல விரும்பிய செய்தி அடங்கியிருக்கிறது.

பிழைப்பைத் தேடி மும்பைக்கும் பெங்களூருக்கும் புனேக்கும் டெல்லிக்கும் வந்து குடியேறிய நம் குடும்பங்களில் இந்தக் காரியம் இன்னும் கூர்மையானது. வீட்டில் தமிழ். தெருவில் இந்தி அல்லது மராத்தி அல்லது கன்னடம். பள்ளியில் ஆங்கிலம். ஆறு வயதுப் பிள்ளை ஒன்று மூன்று மொழிகளைச் சுமந்துகொண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. ஆசிரியை கேள்வி கேட்கிறார். பதில் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். ஆனால் அதைத் தமிழில் எண்ணி, ஆங்கில வாக்கியமாக்கி, நாற்பது பேர் நடுவில் எழுந்து நின்று சொல்லுவதற்குள் முதல் வரிசையிலிருந்து வேறொரு கை உயர்ந்துவிடுகிறது. கேள்வி கடந்துபோகிறது. இப்படியே ஒரு நாள், ஒரு மாதம், ஒரு வருடம் செல்லுகிறது. முடிவில் 'இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது' என்று ஆசிரியை எண்ணத் தொடங்குகிறார். அதைவிட வேதனையானது, 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று பிள்ளையும் நம்பத் தொடங்கிவிடுகிறது.

இந்நிலையை மாற்றுவதற்குப் பெரும் பணச்செலவோ புதிய கருவிகளோ தேவையில்லை. பிள்ளையின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் மற்றொரு பிள்ளை போதும். வகுப்பு முழுவதற்கும் முன்பாகப் பேசுமுன், பக்கத்திலிருக்கும் தோழனோடு அல்லது தோழியோடு இரண்டு நிமிடம் கலந்துபேச இடங்கொடுத்தால், வாய் திறவாத பிள்ளையும் மெல்லப் பேசத் துணியும். இது எப்படி நடைபெறுகிறது, இதில் பெற்றோரின் பங்கு என்ன என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

பிள்ளை ஏன் மௌனமாயிருக்கிறது?

முதலாவது காரணம் நேரக்குறைவு. நாற்பது பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்பில், நாற்பது நிமிடப் பாடவேளையில், ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியே எழுந்து இரண்டு நிமிடம் பேசவேண்டுமானால் எண்பது நிமிடம் தேவை. அதாவது பாடம் ஒன்றும் நடத்தாமலே இரண்டு பாடவேளைகள் முடிந்துவிடும். ஆகவே ஆசிரியர் கை உயர்த்தும் ஐந்தாறு பேரிடமே பதிலைக் கேட்டுக்கொண்டு செல்லுகிறார். அதே நாற்பது பேரும் இருவர் இருவராகத் திரும்பி உட்கார்ந்து பேசினால், நான்கே நிமிடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இரண்டிரண்டு நிமிடம் பேசும் வாய்ப்புக் கிடைத்துவிடுகிறது.

இரண்டாவது காரணம் அவசரம். மேரி பட் ரோ என்னும் அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறைகளைக் கூர்ந்து ஆராய்ந்தார். கேள்வி கேட்ட பின் ஆசிரியர்கள் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு விநாடி அளவே என்று அவர் கண்டார். அந்த நேரத்தை மூன்று விநாடிக்குமேல் நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீளமாயின. பதில் சொல்லாமல் விடுவது குறைந்தது. மெதுவாகக் கற்பவர்கள் என்று கருதப்பட்ட பிள்ளைகளும் அதிகமாகப் பேச முன்வந்தார்கள். மூன்று விநாடிக்கே இத்தனை பலன் உண்டென்றால், நிதானமாக எண்ணிப்பார்க்க ஒரு நிமிடம் கொடுத்தால் எவ்வளவு பலன் உண்டாகும்!

மூன்றாவது காரணம் பயம். தவறாகச் சொன்னால் சிரிப்பார்கள், உச்சரிப்பைக் கேலி செய்வார்கள் என்ற அச்சம் எட்டு வயதிலேயே வேர்விட்டுவிடுகிறது. நாற்பது பேர் முன்பாகத் தவறுவதற்கும் ஒரே ஒரு தோழன் முன்பாகத் தவறுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பெரியவர்களாகிய நாமே அறிவோம்.

இவற்றோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எல்லா மௌனமும் கூச்சத்தினால் வருவதல்ல. காது சரியாகக் கேட்காத பிள்ளையும், கரும்பலகை எழுத்து தெளிவாகத் தெரியாத பிள்ளையும், திக்கிப் பேசும் பிள்ளையும் மௌனமாகவே இருப்பார்கள். வீட்டிலும் பிள்ளை திரும்பத் திரும்ப 'என்ன, என்ன' என்று கேட்டாலோ, தொலைக்காட்சிக்கு மிக நெருக்கமாக உட்கார்ந்தாலோ, முதலில் மருத்துவரிடம் காண்பித்து, காதையும் கண்ணையும் பரிசோதிப்பது நல்லது.

எழும்பூரிலிருந்து உலகத்திற்கு

பிள்ளையைக் கொண்டு பிள்ளை கற்பது மேல்நாட்டிலிருந்து நேற்று வந்த புதுமை என்று எண்ணவேண்டாம். நம் முன்னோரின் திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்கு எழுத்தறிவித்தான். 1787ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்த ஸ்காட்லாந்து நாட்டுப் போதகர் ஆண்ட்ரூ பெல், 1789இல் சென்னை எழும்பூரிலிருந்த ஆண்பிள்ளைகள் அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். இந்நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், அதைத் தம் இல்லத்திலும் கையாள விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்கள் இணங்கவில்லை. ஆகவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் சிறு பிள்ளைகளின் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அந்தச் சிறுவன் அதைச் செவ்வையாக நடத்திக் காண்பித்தான். தாயகம் திரும்பிய பெல் 1797இல் இதைப்பற்றி ஒரு நூலை வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்னும் பெயரால் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பணத்தால் எழுந்த பள்ளி இன்றும் 'மதராஸ் கல்லூரி' என்றே அழைக்கப்படுகிறது.

ஆயினும் மதராஸ் முறைக்கும் நாம் இங்கு பேசும் கலந்துரையாடலுக்கும் முக்கியமான வேறுபாடு உண்டு. அந்த முறையில் மூத்த பிள்ளை சொல்லும்; இளைய பிள்ளைகள் திருப்பிச் சொல்லுவார்கள். இங்கோ இருவரும் சமமானவர்கள். இருவரும் எண்ணுகிறார்கள், இருவரும் பேசுகிறார்கள், இருவரும் கேட்கிறார்கள். ரஷ்ய உளவியலறிஞர் லெவ் வைகாட்ஸ்கி (1896–1934), பிள்ளை தனியாகச் செய்யக்கூடியதற்கும் பிறர் துணையோடு செய்யக்கூடியதற்கும் இடையே ஓர் எல்லை உண்டென்றும், கற்றல் அந்த இடைவெளியில்தான் நடைபெறுகிறதென்றும் விளக்கினார். அந்தத் துணை ஆசிரியராகவும் இருக்கலாம். சற்று அதிகம் அறிந்த தோழனாகவும் இருக்கலாம்.

இந்தக் கருத்தை எந்த வகுப்பிலும் எளிதாகக் கையாளத்தக்க ஒழுங்காக 1981இல் வகுத்தளித்தவர் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராங்க் லைமன். 'எண்ணு, இணைந்து பேசு, பகிர்ந்துகொள்' என்ற மூன்று சொற்களில் அதை அடக்கிவிடலாம்.

வகுப்பில் இதைச் செய்வது எப்படி?

ஆசிரியப் பணியிலிருக்கும் நம் சகோதர சகோதரிகளுக்கு இந்தப் பகுதி நேரடியாகப் பயன்படும். பெற்றோரும் இதை அறிந்திருந்தால், பள்ளியில் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளலாம்.

முதற்படி, கேள்வி. 'நம் நாட்டின் தலைநகர் எது?' என்ற கேள்வியில் கலந்துபேச ஒன்றுமில்லை. தெரிந்தவன் சொல்லுவான், தெரியாதவன் விழிப்பான். 'சிறிய ஆணி தண்ணீரில் மூழ்குகிறது, பெரிய மரக்கட்டை மிதக்கிறது, ஏன்?' என்ற கேள்வியிலோ எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்ல ஏதோ ஒன்று உண்டு. 'எது?' என்பதைவிட 'ஏன்?', 'எப்படி?', 'இப்படிச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?' என்பவையே கலந்துரையாடலுக்கு ஏற்ற கேள்விகள்.

இரண்டாம் படி, மௌனம். கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அரை நிமிடம் ஒருவரும் பேசாமல் எண்ணிப்பார்க்கச் சொல்லவேண்டும். எழுதத் தெரிந்தவர்கள் ஒரு சொல்லை எழுதிக்கொள்ளலாம். முதல் வகுப்புப் பிள்ளைகள் ஒரு படம் வரைந்துகொள்ளலாம். இந்தப் படியை விட்டுவிட்டால், வேகமாகப் பேசும் பிள்ளையே ஜோடியிலும் பேசிவிடும், மற்றது தலையாட்டும்.

மூன்றாம் படி, பேச்சு. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஒரு நிமிடம் பேசட்டும், மற்றது கேட்கட்டும். ஆசிரியர் மணியடித்ததும் முறை மாறட்டும். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு ஆளுக்கு அரை நிமிடம் போதும். ஒரே பெஞ்சில் மூவர் உட்காரும் பள்ளிகளில் மூவராகவே பேசலாம். இந்நேரத்தில் ஆசிரியர் நாற்காலியில் உட்காராமல் பெஞ்சுகளுக்கிடையே நடந்து, பிள்ளைகள் சொல்லுவதைக் காதுகொடுத்துக் கேட்கவேண்டும். யார் எதைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்பதை அறிய இதைவிடச் சிறந்த வழியில்லை.

நான்காம் படி, பகிர்தல். இங்கே ஒரு சிறு நுட்பம் உண்டு. 'உன் பதில் என்ன?' என்று கேட்பதற்குப் பதிலாக, 'உன் தோழி என்ன சொன்னாள்?' என்று கேட்டுப் பாருங்கள். கூச்சமுள்ள பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை! பதில் தவறானாலும் அவமானம் தன்னுடையதல்ல. அதேசமயம், தோழி பேசியபோது உண்மையாகவே செவிகொடுத்திருந்தால்தான் சொல்லமுடியும் என்பதால் கேட்கும் பழக்கமும் வளருகிறது. சில வாரங்கள் இப்படித் தோழியின் கருத்தைச் சொல்லிப் பழகிய பிள்ளை, 'நானும் அப்படித்தான் நினைத்தேன், ஆனால்...' என்று தன் கருத்தைச் சேர்க்கத் தொடங்கும். நாம் எதிர்பார்த்த கதவு அந்த 'ஆனால்' என்ற சொல்லில்தான் திறக்கிறது.

கடைசியில் ஆசிரியர் எல்லாக் கருத்துகளையும் தொகுத்து, சரியானதைத் தெளிவாக எடுத்துச் சொல்லவேண்டும். கலந்துரையாடல் ஆசிரியருக்குப் பதிலாக வருவதல்ல. ஆசிரியர் சொல்லப்போவதை ஏற்க நிலத்தைப் பண்படுத்துவது.

ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம்

மூன்றாம், நான்காம் வகுப்புக் கணக்கில் பின்னம் வருகிறது. 'அரை பெரிதா, கால் பெரிதா?' என்று வாயால் கேட்டால் பிள்ளைகள் சரியாகச் சொல்லிவிடுவார்கள். அதையே 1/2, 1/4 என்று எழுதிக் காண்பித்தால் பலர் 1/4 தான் பெரிது என்பார்கள். காரணம் எளிது, 2ஐவிட 4 பெரியது அல்லவா? ஆசிரியர் 'தவறு' என்று சொல்லித் திருத்தினால் பிள்ளை அந்த வேளைக்கு ஒத்துக்கொள்ளும். அடுத்த வாரம் மறுபடியும் அதே தவறைச் செய்யும்.

இதையே ஜோடியாகப் பேசவிடுவோம். 'ஒரு சப்பாத்தியை இரண்டுபேர் பங்கிட்டால் அதிகம் கிடைக்குமா, நாலுபேர் பங்கிட்டால் அதிகம் கிடைக்குமா?' என்று ஒரு பிள்ளை கேட்கிறது. மற்றது காகிதம் ஒன்றை எடுத்து மடித்துப் பார்க்கிறது. 'அப்படியானால் கீழே இருக்கிற எண் பெரிதானால் துண்டு சிறிதாகிறது!' என்று இருவரும் சேர்ந்து கண்டுபிடிக்கிறார்கள். தாங்களே கண்டுபிடித்ததை அவர்கள் எளிதில் மறப்பதில்லை. கண்டுபிடித்ததைச் சொல்லவேண்டும் என்ற ஆவலே கையை உயர்த்தச் செய்கிறது.

தமிழில் பேசலாமா?

நம் குடும்பங்களைப் பெரிதும் வாட்டும் கேள்வி இது. ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்த்துவிட்டு, பிள்ளை தமிழில் பேசினால் ஆங்கிலம் வராதே என்று அஞ்சுகிறோம். சில பள்ளிகளில் தாய்மொழியில் பேசினால் அபராதமும் உண்டு.

இரண்டு காரியங்களைப் பிரித்துப் பார்ப்பது உதவும். எண்ணுவது ஒன்று, எண்ணியதை ஆங்கிலத்தில் சொல்லுவது மற்றொன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யும்படி ஆறு வயதுப் பிள்ளையை நெருக்கினால் இரண்டும் நின்றுபோகும். பள்ளிக்குப் புதிதாக வந்த பிள்ளைக்கு, அதன் மொழி அறிந்த மற்றொரு பிள்ளையைச் சில மாதங்களுக்குத் துணையாக உட்காரவைத்தால், இருவரும் தமிழில் கலந்துபேசிக் காரியத்தைப் புரிந்துகொள்வார்கள். பின்பு வகுப்பில் சொல்லும்போது ஆங்கிலத்தில் சொல்லட்டும். அதற்கென 'ஐ திங்க்... பிகாஸ்...', 'மை ஃபிரண்ட் செட்...' போன்ற வாக்கியத் தொடக்கங்களை ஆசிரியர் சுவரில் எழுதி வைக்கலாம். தொடக்கம் கையில் இருந்தால் வாக்கியத்தை முடிப்பது எளிது. தமிழ் அறிந்த துணை இல்லாத வகுப்பில், பொறுமையுள்ள ஒரு பிள்ளையின் அருகே உட்காரவைத்து, சைகையாலும் படத்தாலும் பேசவிடலாம். தெருவில் அந்த ஊர் மொழியைப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டே கற்பது இவ்விதமாகத்தானே!

இது சட்டத்திற்கும் இசைவானதே. தொடக்கக் கல்வியில் மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிவழிக் கற்க வசதி செய்துதர மாநிலங்கள் முயலவேண்டும் என்று 1956இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350ஏ பிரிவு கூறுகிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், இயன்றவரை குறைந்தது ஐந்தாம் வகுப்புவரை வீட்டு மொழியில் கற்பிக்கவேண்டும் என்கிறது. மும்பை மாநகராட்சி நடத்தும் பள்ளிகளின் மொழிகளில் தமிழும் ஒன்று என்பதை அங்குள்ள நம் மக்கள் அறிவார்கள்.

எழும் தடைகள்

'சந்தைபோல இரைச்சலாகிவிடுமே' என்பது ஆசிரியர்களின் முதல் அச்சம். உண்மைதான், முதல் வாரம் இரைச்சல் இருக்கும். ஆனால் 'பக்கத்திலிருப்பவனுக்கு மட்டும் கேட்கிற குரல்' என்று ஒரு குரலை முன்கூட்டியே பழக்கிவிட்டால், மணியடித்ததும் நிறுத்துவதை விளையாட்டாகப் பயிற்றுவித்தால், பிள்ளைகள் விரைவில் பழகிக்கொள்வார்கள். பாடத்தைப் பற்றிய இரைச்சல், உறங்கும் அமைதியைவிட மேலானது.

'ஒரே பிள்ளை பேசிக்கொண்டே இருக்குமே' என்பது அடுத்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று புளியங்கொட்டைகள் கொடுங்கள். ஒருமுறை பேசினால் ஒன்றை நடுவில் வைக்கவேண்டும். மூன்றும் தீர்ந்தவர் மற்றவர் கையிலுள்ளதும் தீரும்வரை கேட்கவேண்டும். அடக்கிப் பேசவைப்பதும் தூண்டிப் பேசவைப்பதும் இதிலேயே நடந்துவிடும்.

'கெட்டிக்காரப் பிள்ளை, மெதுவாகக் கற்கும் பிள்ளைக்காக நேரத்தை வீணாக்கவேண்டுமா?' என்று கேட்கும் பெற்றோர் உண்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் நோரீன் வெப் என்னும் ஆய்வாளர் பிள்ளைகளின் குழுப்பேச்சைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து கண்டது, இதற்கு நேர்மாறானது. காரணத்தோடு விளக்கிச் சொல்லுகிற பிள்ளைதான் அதிகமாகக் கற்கிறது. விளக்கம் இல்லாமல் விடையை மட்டும் வாங்கிக்கொள்ளுகிற பிள்ளைக்கோ பலன் இல்லை. ஆகவே 'விடையைச் சொல்லாதே, எப்படி வந்தது என்று சொல்' என்பதை வகுப்பின் சட்டமாக்கிவிடவேண்டும். அப்போது இருவருக்கும் ஆதாயம்.

'இருவருமே தவறாகப் பேசிக்கொண்டால்?' அதற்காகத்தான் ஆசிரியர் நடந்து கேட்கிறார். கடைசியில் தொகுத்துச் சொல்லுகிறார். நடந்து கேளாமலும் தொகுத்துச் சொல்லாமலும் விடப்பட்ட கலந்துரையாடல் வெறும் அரட்டையே.

எல்லாவற்றிற்கும் மேலான தடை கேலி. ஒருவர் தவறாகச் சொல்லும்போது சிரிப்பதில்லை என்பதை முதல் நாளிலேயே உறுதியாக்காவிட்டால், மற்ற ஏற்பாடுகள் எல்லாம் வீண்.

கேலியை வென்ற ஒரு வகுப்பு

கேலியும் பகைமையும் நிறைந்த வகுப்பில் இது பலிக்குமா? 1971ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் இந்தக் கேள்வி எழுந்தது. அதுவரை தனித்தனியே படித்த வெள்ளையர், கறுப்பர், மெக்சிகோ வழிவந்தோர் ஆகியோரின் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்காரவைக்கப்பட்டார்கள். சண்டைகள் மூண்டன. எலியட் அரான்சன் என்னும் உளவியலறிஞரும் அவருடைய மாணவர்களும் வகுப்புகளில் உட்கார்ந்து கவனித்தபோது, ஆசிரியரின் பாராட்டுக்காகப் பிள்ளைகள் ஒருவரோடொருவர் போட்டியிடுவதே பகையை வளர்க்கிறது என்று கண்டார்கள்.

ஆகவே அவர்கள் பாடத்தைத் துண்டுகளாக்கினார்கள். ஐந்தாறு பேர் கொண்ட குழுவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டு. ஒரே துண்டைப் பெற்ற பல குழுக்களின் பிள்ளைகள் முதலில் ஒன்றுகூடிப் பேசித் தெளிவடைவார்கள். பின்பு தங்கள் குழுவுக்குத் திரும்பி அதை விளக்குவார்கள். குழுவில் ஒருவர் பேசாவிட்டால் அந்தத் துண்டு மற்றவர்களுக்குக் கிடைக்காது. ஆகவே ஆங்கிலத்தில் தடுமாறிய பிள்ளையைக் கேலி செய்வதை விட்டு, பொறுமையாகக் கேள்விகள் கேட்டு அதைப் பேசவைக்க மற்றவர்கள் கற்றுக்கொண்டார்கள். நாளடைவில் பகைமை குறைந்தது. சிறுபான்மைப் பிள்ளைகளின் தேர்ச்சியும் தன்னம்பிக்கையும் உயர்ந்தன. அந்நிய ஊரில், அந்நிய மொழியில் படிக்கும் நம் பிள்ளைகளின் நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க அனுபவம் அல்லவா இது!

நம் நாட்டிலும் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி 2007-08இல் தமிழகமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில், பிள்ளைகள் வட்டமாகத் தரையில் அமர்ந்து அட்டைகளைக் கொண்டு ஒருவருக்கொருவர் உதவிக் கற்றார்கள். ஊரில் அவ்விதம் படித்துவிட்டு நகரத்துப் பள்ளியின் நீண்ட வரிசைக்கு வந்த பிள்ளைகளும் நம்மிடையே இருந்தார்கள். அவர்களுக்கு அந்த வரிசை எவ்வளவு அந்நியமாய்த் தோன்றியிருக்கும்!

பெற்றோர் செய்யத்தக்கவை

முதலாவது, பள்ளியோடு பேசுங்கள். 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், பிள்ளை அச்சமின்றித் தன் கருத்துகளைத் தாராளமாக வெளிப்படுத்த உதவும் விதத்தில் கல்வி அமையவேண்டும் என்று 29ஆம் பிரிவில் கூறுகிறது. அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் 17ஆம் பிரிவு தடைசெய்கிறது. அரசுப் பள்ளியிலும் அரசு உதவிபெறும் பள்ளியிலும் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராயிருக்கவேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உள்ளது. மொழி சரியாக வராது என்று கூச்சப்பட்டு, பெற்றோர் கூட்டத்தில் பின்வரிசையில் மௌனமாக உட்கார்ந்திருந்தால், பிள்ளையும் அதையே கற்றுக்கொள்ளும். குற்றம் சாட்டும் தொனியில் அல்ல, தாழ்மையோடு, "டீச்சர், என் மகள் எல்லார் முன்பாகவும் பேசப் பயப்படுகிறாள், பக்கத்துப் பிள்ளையோடு முதலில் பேசிவிட்டுச் சொல்ல இடங்கொடுப்பீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். வேலைப்பளு மிகுந்த ஆசிரியரும் இவ்வளவு சிறிய வேண்டுகோளை எளிதில் தட்டமாட்டார்.

இரண்டாவது, வீட்டில் கேட்கும் கேள்வியை மாற்றுங்கள். 'இன்றைக்கு என்ன படித்தாய்?' என்றால் 'ஒன்றுமில்லை' என்றே பதில் வரும். 'இன்றைக்கு யாரோடு பேசினாய்? அவன் என்ன சொன்னான்? நீ என்ன சொன்னாய்?' என்று கேளுங்கள். பதில் சொல்ல நேரங்கொடுங்கள். பிள்ளை வாக்கியத்தை முடிக்குமுன் நாமே முடித்துவிடாதிருப்பது மிக அவசியம்.

மூன்றாவது, சால் வீடுகளிலும் வரிசை வீடுகளிலும் நமக்கு ஓர் அனுகூலம் உண்டு. பிள்ளைகள் அருகருகே இருக்கிறார்கள். தகப்பன் இரவு வேலைக்கும் தாய் பகல் வேலைக்கும் போகும் வீடுகளில் பாடம் சொல்லித்தர ஆளில்லை என்று வருந்துகிறோம். மாலையில் அரைமணி நேரம் மூன்று நான்கு பிள்ளைகள் ஒரு வராந்தாவில் கூடிப் படிக்கட்டும். ஒருவர் ஒரு கணக்கைச் செய்து, 'ஏன் இப்படிச் செய்தேன்' என்று மற்றவர்களுக்குச் சொல்லட்டும். மேற்பார்வைக்கு ஒரு பெரியவர் அருகில் இருந்தால் போதும். அவருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

நான்காவது, நம் ஞாயிறு பள்ளி. மதிப்பெண் இல்லை, தேர்வுப் பயம் இல்லை, தமிழில் தாராளமாகப் பேசலாம். கூச்சமுள்ள பிள்ளை பேசிப் பழக இதைவிடப் பாதுகாப்பான இடம் ஏது? நல்ல சமாரியனின் கதையைச் சொல்லி முடித்ததும் மனப்பாட வசனத்திற்கு விரையாமல், 'முதலில் வந்த இருவரும் ஏன் நிற்காமல் போனார்கள்? பக்கத்திலிருப்பவரோடு பேசிப் பாருங்கள்' என்று ஆசிரியர்கள் இரண்டு நிமிடம் கொடுக்கலாம். அங்கே தமிழில் துணிந்த நாவுக்குத் திங்கட்கிழமை வகுப்பறையில் பேசுவது அவ்வளவு கடினமாயிராது.

ஒரே வாரத்தில் அற்புதமான மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். முதலில் தலையசைப்பு வரும்; பின்பு ஒரு சொல்; பின்பு தோழியின் கருத்து; அதன்பின் தன் கருத்து. ஒரு பருவம் முழுவதும் பொறுமையோடு தொடர்ந்தால் வேறுபாட்டை நீங்களே காண்பீர்கள். அடுத்த முன்னேற்ற அறிக்கை வரும்போது, மதிப்பெண்களைப் பார்க்குமுன் அந்தக் கடைசி வரியை வாசியுங்கள். வாசித்து முடித்ததும் பிள்ளையை அருகில் அழைத்து, "உன் வகுப்பில் உன் பக்கத்தில் உட்காருகிறது யார்?" என்று கேளுங்கள். பிறகு பிள்ளையைப் பேசவிட்டு, நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள்.